கூறைச்சேலைத் தொட்டில்

பரஞ்சோதி தொட்டிலை விட்டு இறங்கக் கற்றுக்கொண்ட அன்று, அதைப் பார்த்துச் சிரித்தவன் அவனுடைய அப்பன் ஒருத்தன்தான். செல்லாயிக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை தூங்குகிறான் என்று நம்பி அவள் பாட்டுக்கு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ‘தொம்’ என்று ஒரு சத்தம். பதறித் திரும்பினால், ஒன்றரை வயசுப் பயல் தரையில் சப்பென்று உட்கார்ந்து, அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

வாசலில் நின்ற குழந்தைவேலு விழுந்து விழுந்து சிரித்தான். “அடடே, தொரை குதிரையிலேர்ந்து எறங்குற மாதிரியில்ல எறங்குறான் எம்மவன்!”

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. மண்டை ஒடைஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அதற்குப் பிறகு பயலுக்கு அதுவே வேலையாகிப் போனது. உத்திரத்தில் கயிறு போட்டுக் கட்டிய சேலைத் தொட்டில். இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து எழும்புவான், வலது காலை வெளியே தூக்கிப் போடுவான், துணி ஒருபக்கமாகச் சரிந்ததும் தலைகீழாக வழுக்கிக்கொண்டு வந்துவிடுவான். செல்லாயி தொட்டில் கட்டையை உருவிப் பார்த்தாள். துணி இரண்டு பக்கமும் வந்து பிள்ளையை மூடிக்கொள்ளும், எழும்ப முடியாது என்று கணக்குப் போட்டாள். அவனா மசிவான்? குழந்தைவேலு சேலையை நீளவிட்டுக் கட்டித் தொட்டிலை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டான். கீழே சாக்கில் லாலான் புல்லைத் திணித்துப் போட்டான்.

“விழுந்தா மெத்தையில விழட்டும். வளர்ற புள்ளையை எவன் நிறுத்த முடியும்?” என்றான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டு, விடியற்காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய்விடுவான். பிள்ளையோடு மல்லுக்கட்டுகிறவள் அவளல்லவா!

மலாயாவில், கோலா கெத்திலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஜப்பான்காரன் வந்த பிறகு பால்மரம் சீவுவது நின்றது. மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். பிள்ளைகளைப் போட்டுவிட்டுப் போகிற ஆயாக்கொட்டகையில் இப்போது கிழங்கு மூட்டை அடுக்கியிருந்தது. அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். துணியோ, கேட்கவே வேண்டாம். பெண்கள் சாக்கைத் தைத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு கூனிக்குறுகி நடந்தார்கள். செல்லாயி இருந்த சேலைகளை ஒவ்வொன்றாக அரிசிக்குக் கொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்குக் கட்டிய கூறைச்சேலை ஒன்றை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. அதில்தான் பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருந்தாள். தான் சாக்கைச் சுற்றிக்கொண்டு பிள்ளையைக் கூறையில் போட்டிருப்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

ஒரு சாயங்காலம் அவள் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தால் தொட்டில் காலி. வாசலுக்கு ஓடி வந்து பார்த்தால், பக்கத்து வீட்டுக் காளியம்மா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, லோரி போகிற சடக்கிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது.

“ஏண்டி செல்லாயி, உனக்கு அறிவிருக்கா? நடுச் சடக்குல குந்திக்கிட்டு மண்ணைத் தின்னுக்கிட்டிருக்கான். ஜப்பான்காரன் லோரி வந்தா நிறுத்துவானா? நிறுத்தமாட்டான்லா!”

செல்லாயி பிள்ளையை வாங்கி முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அவளே அழுதாள்.

“அழுது என்னாத்துக்கு ஆவும்?” என்றாள் காளியம்மா. “தொட்டில் ஓரம் ரெண்டையும் சேத்து, நெஞ்சுக்கிட்ட ஒண்ணு, காலுக்கிட்ட ஒண்ணு, முடிச்சுப் போட்டுடு. மூச்சு விட எடம் இருக்கும், எறங்க எடம் இருக்காது. எம்மூத்தவன அப்படித்தான் ஆளாக்குனேன்.”

அன்று பொழுது சாய்ந்ததும் செல்லாயி அப்படியே செய்தாள். பயல் உள்ளே கிடந்து துள்ளினான். வேலை முடிந்து வந்த குழந்தைவேலுவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“கன்னுக்குட்டியாடி அவன், கட்டிப்போட? அவுத்து விடு.”

“அவுக்க மாட்டேன். சடக்குல கூழாக் கெடந்தா நான்தானே அள்ளணும்? நீங்களா வந்து அள்ளப் போறீங்க? ஒங்களுக்குச் சிரிக்க மட்டுந்தான் தெரியும்!”

பயத்தில் வந்த பேச்சு அது. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. ஆனால் வாயை விட்டு வந்ததைத் திரும்ப அள்ளிப் போட்டுக்கொள்ள முடியுமா? குழந்தைவேலு கிழங்கைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

தினமும் விடியும்போது பெரட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவன் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நாலு நடை நடப்பான். மறுநாள் காலை தொட்டிலருகே வந்தான், முடிச்சைப் பார்த்தான், கையை இழுத்துக்கொண்டான்.

“கட்டுனவளே அவுக்கட்டும்,” என்று முணுமுணுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினான். செல்லாயிக்கும் ரோஷம். போனால் போகட்டும், சாயங்காலம் வந்தால் தானாகப் பேசுவார் என்று இருந்துவிட்டாள். சாயங்காலம் ஒன்று வரும் என்பதில் அவளுக்கு என்ன சந்தேகம் இருந்திருக்க முடியும்?

கொஞ்ச நேரத்தில் பிள்ளை எழுந்தான். உதைத்தான். வீறிட்டான். மூத்திரம் போய்த் துணியை நனைத்தான். நனைந்த துணியை உதைக்க உதைக்க முடிச்சு இறுகியது. செல்லாயி அவிழ்க்கப் போகவில்லை. ‘கெடக்கட்டும். ரெண்டு நாளைக்கு இப்படிக் கெடந்தா எறங்குற புத்தி போயிடும்’ என்று நினைத்தாள். மகராசி, நன்றாக நினைத்தாள்!

லோரிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். பெரட்டு நடக்கும் பக்கமிருந்து வந்த லோரி அவள் வீட்டுக்கு நேராகச் சடக்கில் நின்றது. பின்னால் தோட்டத்து ஆண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நாலு மூலையிலும் துப்பாக்கியோடு ஜப்பான்காரன். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அழகேசன் குதித்து இறங்கி, இரண்டு சிப்பாய்களோடு லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீட்டுக்கு ஓடினான். காய்ச்சல் என்று பெரட்டுக்கு வராமல் படுத்திருந்த முனியாண்டியை இழுத்து வரப் போகிறார்கள்.

லோரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தைவேலு நின்றான்.

“செல்லாயி! சயாமுக்காம்! ரயில் ரோட்டு போடணுமாம்! வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னேன், விடமாட்டேங்கிறான். பையனக் கொண்டா புள்ள! ஒருவாட்டி பாத்துக்கிறேன்!”

அவள் உள்ளே பாய்ந்தாள். முதல் முடிச்சில் கையை வைத்தாள். அது கல்லாக இறுகிக் கிடந்தது. நகத்தைக் கொடுத்தாள், நகம்தான் பிய்ந்தது. தொட்டிலோடு தூக்கிப் போகலாம் என்றால் உத்திரத்துக் கயிறு அவளுக்கு எட்டாத உயரம். அவன் கட்டிய கட்டு அது. பிள்ளையை இடுக்கு வழியாக உருவப் பார்த்தாள். தலைமாட்டில் அவன் முகம் தெரிகிற அளவுக்குத்தான் இடைவெளி. தோள் வரவில்லை. வெளியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டதும் பிள்ளைக்கு அழுகை நின்று துள்ளல் வந்துவிட்டது. “ப்பா! ப்பா!” என்று தொட்டில் முழுக்க உதைத்தான். அவன் உதைக்கிற ஒவ்வொரு உதைக்கும் முடிச்சு இன்னும் இறுகியது.

“என்ன புள்ள பண்றே?”

“முடிச்சு! முடிச்சு வரலைங்க!”

“வெட்டு! துணிய வெட்டுடி!”

மரம் சீவும் கத்தி சுவரில் செருகியிருந்தது. உருவினாள். எத்தனை பால்மரத்தைச் சீவிய கத்தி! ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கத்தியைத் துணியில் வைத்தும்விட்டாள்.

வைத்தவளுக்குக் கை ஓடவில்லை. அது அவள் கூறைச்சேலை. அவன் கையால் வாங்கி உடுத்தி, அது உடம்பில் இருக்கத்தான் கழுத்தில் தாலி ஏறியது. புருஷன் ஊரைவிட்டுப் போகிற நேரத்தில், அதுவும் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போகிற நேரத்தில், ஒரு சுமங்கலி தன் கூறையில் கத்தி வைப்பாளா? அவன் திரும்பி வருவதற்கு இருக்கிற வழியைத் தன் கையாலேயே அறுத்த மாதிரி ஆகாதா? அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. அவள் கத்தியைக் கீழே போட்டாள். குனிந்து மூத்திர ஈரத்தோடு அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். ‘மாரியாத்தா, மாரியாத்தா’ என்று கடித்தபடியே முனகினாள். மேல் முடிச்சு ஒரு இழை தளர்ந்தது. வந்துவிடும், இதோ வந்துவிடும்.

வெளியே முனியாண்டியின் பெண்சாதி ஓலமிட்டாள். முனியாண்டியைத் தூக்கி லோரியில் எறிந்தார்கள். லோரி உறுமியது.

“செல்லாயீ!”

நிமிர்ந்து பார்த்தாள். திறந்த கதவு வழியாக அவன் நேராக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்தது, குனிந்து நிற்கிற அவளையும், அவளுக்குப் பின்னால் உள்ளே இருக்கிற உயிர் உதைத்து ஆடிக்கொண்டிருந்த ஒரு சிவப்புத் துணியையும்தான். லோரி நகர்ந்தது. கதவின் சட்டத்துக்குள்ளிருந்து அவன் மறைந்துபோனான்.

முடிச்சு அதற்குப் பிறகு அவிழ்ந்தது. மேல் முடிச்சு வந்ததும் பிள்ளையை உருவி எடுத்துக்கொண்டு சடக்கில் ஓடினாள். சாக்குத்துணி அவிழ்ந்து காலைத் தடுக்கியதைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். வளைவில் புழுதிதான் இருந்தது. பிள்ளை அந்தப் புழுதியைப் பார்த்துக் கை கொட்டினான்.

கூறை கிழியவில்லை, அவர் வந்துவிடுவார் என்று அவள் நம்பினாள். மூன்று மாசம் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார். மூன்று மாசம் போனது. அதற்கு மேலும் எத்தனையோ மாசம் போனது. பயலை அவள் அதற்குப் பிறகு கட்டவே இல்லை. தொட்டில் திறந்துதான் கிடந்தது. ஆனால் அவன் இறங்கவில்லை. விழித்த பிறகும், யாராவது வந்து தூக்குகிறவரைக்கும் உத்திரத்தைப் பார்த்தபடி மல்லாந்தே கிடப்பான். “நான் சொன்னேன்லா? புத்தி வந்திடுச்சு பாரு,” என்றாள் காளியம்மா. செல்லாயி தொட்டிலைச் சாய்த்து, அவனுடைய வலது காலைத் தானே வெளியே எடுத்துப் போட்டு, “எறங்குடா, எஞ்சாமி, எறங்கு,” என்று கெஞ்சினாள். அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான் என்றார்கள். சயாமுக்குப் போனவர்களில் ஒருத்தர் இரண்டு பேர் என்று திரும்ப ஆரம்பித்தார்கள். அந்த லயத்துக்குத் திரும்பியவன் முனியாண்டி ஒருத்தன். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு வந்தான். மறுநாள் காலையில் தடி ஊன்றிக்கொண்டு செல்லாயி வீட்டுக்கு வந்தான். அவன் தலை குனிந்து வந்த தோரணையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பேதிதான் தங்கச்சி,” என்றான். “பேதி கண்ட ரெண்டாம் நாளே முடிஞ்சிடுச்சு. நான்தான் பக்கத்துல இருந்தேன்.”

அவள் அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏதாவது சொன்னாரா அண்ணே? எம்மேல கோவமா இருந்தாரா?”

“கோவமா? சீச்சீ. வேலை முடிஞ்சு குந்துனா ஒம்பேச்சும் பையன் பேச்சுந்தான். அவன் தொட்டில்லேர்ந்து எறங்குற கதையச் சொல்லிச் சொல்லி எங்களையெல்லாம் சிரிக்க வெச்சிடுவாரு. மொதல்ல இந்தக் கால, அப்புறம் இப்படிச் சரிவான்னு அவரே படுத்துக் காட்டுவாரு...” முனியாண்டி நிறுத்தினான். சொல்லலாமா என்று தயங்கி, சொல்லாமல் இருக்கவும் முடியாமல், தரையைப் பார்த்தபடி சொன்னான். “கடைசியில அவருக்கு ஒரு கொறைதான் தங்கச்சி. ‘பையன் மொகம் வரமாட்டேங்குது முனியாண்டி, எப்ப கண்ண மூடினாலும் அந்தத் துணி ஆடுறதுதான் வருது’ன்னு அழுவாரு. ‘நீ பாத்திருக்கேல்ல, சொல்லு, மூக்கு எப்படி இருக்கும் சொல்லு’ன்னு என்னைய போட்டுப் புடுங்குவாரு. நானும் ஏதோ சொல்லுவேன். எனக்கு என்னா தெரியும், லயத்துல பத்துப் புள்ளையில ஒண்ணு.”

செல்லாயி கதவை விட்டாள். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பரஞ்சோதி உள்ளேயிருந்து வந்து அம்மாவின் முதுகோடு ஒட்டி நின்றான். முனியாண்டி தடியைக் கீழே போட்டான். பையனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மூக்கையும் கண்ணையும் நெற்றியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“தப்பாச் சொல்லிட்டேனே தங்கச்சி. அவர மாதிரியே இருக்கான்னு சொல்லியிருக்கலாமே. அவர மாதிரியேல்ல இருக்கான்!”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“வெட்டியிருக்கணும்ணே,” என்றாள். “அவரு வெட்டச் சொன்னாரு. கத்தியும் கையில இருந்திச்சு. நான்தான் வெட்டல. அவரு திரும்பி வரணும்னுதான் வெட்டல.”

முனியாண்டி பையனின் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.