மிசு

கரண்டி உதட்டில் பட்டதும் வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணையை நனைத்தது. றைஸா முந்தானையால் துடைத்துவிட்டாள். மருந்துப் போத்தலோடு வந்த சின்னப் பிளாஸ்டிக் கரண்டி இருந்தால் வாய்க்குள் இலேசாகப் போயிருக்கும். அது காணாமல் போய் மாதக் கணக்காகிறது. வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

"மிசு," என்றார் வாப்பா.

ஆஸ்பத்திரியில் இனி ஏலாது என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று விடிந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் இன்னொரு சொல்லும் வந்தது. ஆனால் அது பாதியிலேயே மூச்சுக்குள் போய்விட்டது.

"என்ன வாப்பா வேணும்? தண்ணியா?"

அவர் தலையை அசைத்தார். தண்ணீர் இல்லை. பாலுமில்லை. முதுகு நோகிறதா, திருப்பிப் படுக்கவைக்கவா என்று கேட்டாள். அதுவுமில்லை. "மிசு," என்று மறுபடி சொல்லிவிட்டு, இவ்வளவு சொல்லியும் விளங்கவில்லையா என்பதுபோல அவளைப் பார்த்தார். இத்தனை வருடம் அவருடைய காலைக் கழுவி, புண்ணுக்கு மருந்து கட்டி, ஊசி போட்டவள் அவள். கடைசி நேரத்தில் அவர் கேட்கிற ஒரு சாமானை எடுத்துக்கொடுக்க முடியாமல் நிற்கிறோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

தலைமாட்டில் உம்மா ஜெய்னம்பு யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். கால்மாட்டுக் கதிரையில் வாப்பாவின் தம்பி சாலிஹீன் சாச்சா இருந்தார். நானா என்று அண்ணனைக் கூப்பிடும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"மதினி, நானா மீசான் எண்டெல்லோ சொல்ற."

உம்மா ஓதுவதை நிறுத்தினாள். கபுறின் தலைமாட்டில் அடையாளத்துக்கு நடுகிற கல்லை ஊரில் மீசான் என்பார்கள். மறுமையில் நன்மை தீமை நிறுக்கிற தராசுக்கும் அதே பேர்தான்.

"தராசத்தான் நெனைக்கிறாங்களோ," என்றாள் உம்மா.

"இல்ல மதினி. கல்லத்தான் கேக்கிற. எனக்கு ஒரு பலகத் துண்டு போதும் எண்டு ஒருக்கா சொன்ன மனிசன், இப்ப வாய் விட்டுக் கேக்கிற பாத்தீங்களா." சாச்சா குனிந்து வாப்பாவின் காதருகே உரத்துச் சொன்னார். "நானா, மீசான நான் பாத்துக்கொள்றன். நல்ல கல்லா எடுப்பம். நீங்க கலிமாவச் சொல்லுங்க."

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆறுதல் வந்துவிட்டது என்று சாச்சா சொன்னார். றைஸாவுக்கு அது அலுப்பில் மூடிய கண்ணாகத் தெரிந்தது. மீசான் இல்லையென்றால் வேறு என்ன என்று யோசித்துக்கொண்டே நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

பள்ளிவாசல்துறையில் வாப்பா ஹாசிம் ஹாஜியார் என்றால் மரியாதையான ஆள். கருவாட்டு வாடி வைத்திருந்தவர். பள்ளியில் தொழுகைக்கு முன் ஸப்பில், முதல் வரிசையில் நிற்பவர். வீட்டுக்குள் அவர் ஒரு கள்ளன். சீனி வருத்தம் வந்து ஒரு கால் பாதி போன பிறகும் இனிப்புக்கு நாக்கு அடங்கவில்லை. தொதல் துண்டைப் பேப்பரில் சுற்றி சேர்ட் பொக்கற்றில் வைத்திருப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் வட்டிலப்பத்தின் பக்கத்தில்தான் குந்துவார். றைஸா அவருடைய தேநீரைத் தானே ருசி பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். கடைசியில் வீட்டிலேயே யாருக்கும் சீனி இல்லையென்று சட்டம் போட்டாள். ரமழான் முடிந்ததும் சீனி டின்னை எங்கே வைத்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். "சுங்கக்காரி," என்று வாப்பா அவளுக்குப் பேர் வைத்திருந்தார்.

அவளுடைய சட்டம் செல்லாத இடம் ஒன்று இருந்தது. அது ஜப்பானில் இருந்தது.

தங்கச்சி ஷஸ்னா அங்கே கடலோரத்துச் சின்ன ஊரொன்றில் வயதானவர்களைப் பார்க்கும் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய அறைக்கும் ரயில் கேற்றுக்கும் நடுவில் பழைய இனிப்புக் கடை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போவாள். வாசலில் நீலத் துணி தொங்கும். அதைத் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் பூவும் இலையுமாக இனிப்புகள் இருக்கும்.

"அது பூவா மகள், தின்றதா?"

"தின்றதுதான் வாப்பா."

"அப்ப அத எடு. நீ தின்னு, நான் பாக்கிறன்."

கடைக்காரி கூன் விழுந்த ஒரு மனுஷி. தலையில் வெள்ளைத் துணி கட்டியிருப்பாள். அதைப் பார்த்துவிட்டு அவளும் முஸ்லிம்தான் என்று உம்மா முடிவு கட்டியிருந்தாள். அது சமையல் துணி என்று வாப்பாவுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. முக்காடு போட்ட மனிசியின் கடை என்பதால்தான் உம்மா அந்த விளையாட்டை விட்டுவைத்திருந்தாள். வாப்பா ஸலாம் சொல்வார். கடைக்காரி போனை நோக்கிக் குனிவாள், குனிந்து குனிந்து படத்திலேயே இல்லாமல் போய்விடுவாள். பிறகு இனிப்பைத் தட்டில் வைத்து, அதன் நல்ல பக்கம் வாப்பாவுக்குத் தெரியும்படி திருப்பி வைப்பாள்.

ஒரு தடவைதான் றைஸா கையில் மீன் கத்தியோடு கதவடியில் நின்று முழுக்கப் பார்த்தாள். ஷஸ்னா கடிக்கும்போது வாப்பாவின் வாயும் அசைந்தது, முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதற்குப் பிறகு அந்த நேரத்தில் அவள் கிணற்றடிக்குப் போய்விடுவாள். தன்னோடு பேசும்போது வாப்பாவின் முகத்தில் அந்த வெளிச்சம் வந்ததில்லை. இருந்து பார்க்கிறவளுக்குச் சுங்கக்காரிப் பட்டம், எங்கேயோ இருக்கிறவளுக்குக் கொஞ்சல் என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டது உண்டு.

நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்த சற்றுக்குள் வாப்பாவின் மூச்சு நின்றது. கடைசியாகவும் உதடு கூடிப் பிரிந்து "மி" என்றுதான் வந்தது. சாச்சா கண்களை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டினார். "கடைசி வரைக்கும் மீசானத்தான் கேட்ட," என்று தோளைக் குலுக்கி அழுதார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. கல் எடுக்க அவரே பாலாவிப் பக்கம் ஆட்டோவில் போனார்.

வீடு நிறைந்துவிட்டது. உம்மா உள்ளறையில் வெள்ளை உடுத்து உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அதையே சொன்னாள். "மீசானக் கேட்டுக் கேட்டுத்தான் போன. மறுமையத் தவிர வேற நெனப்பில்ல." கேட்டவர்கள் ஸுப்ஹானல்லாஹ் என்றார்கள். சொல்லச் சொல்ல உம்மாவின் முகம் தெளிந்துகொண்டு வந்தது.

குளிப்பாட்டுவதற்கு ஆண்கள் திரை கட்டிக்கொண்டிருந்தபோது ஷஸ்னாவின் அழைப்பு வந்தது. றைஸா போனோடு கிணற்றடிக்குப் போனாள். வேலை உடுப்போடு ஷஸ்னா தெருவில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. உடனே புறப்பட்டாலும் அடக்கத்துக்கு வந்துசேர ஏலாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் கதைக்கவில்லை.

"கபன் துணி போட்ட பிறகு ஒருக்கா முகத்தக் காட்டுங்க ராத்தா."

"ஓம், காட்டுறன்."

"கடைசியா என்ன சொன்ன? என்னக் கேட்டாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். றைஸாவுக்கு வரவில்லை. "மீசானக் கேட்டாங்க எண்டு சாச்சா சொல்ற. எனக்கெண்டா அப்பிடிக் கேக்கல்ல. மிசு, மிசு எண்டுதான் காலையிலிருந்து."

 அந்தப் பக்கம் ரயில் கேற்றின் மணி அடித்தது. ரயில் போய் முடிந்தது. பிறகு ஷஸ்னா போனைத் திருப்பினாள். நீலத் துணி தெரிந்தது. அதன் பக்கத்தில் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கடதாசி ஒட்டியிருந்தது. அதில் மையால் நாலைந்து எழுத்துகள்.

"இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா ராத்தா?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"மிசு யோக்கான்." ஷஸ்னா கடதாசியில் விரலை வைத்தாள். "மிசு எண்டா தண்ணி. வெயில் காலத்துக்கு மட்டுந்தான் இங்க போடுவாங்க. போன வருசம் நான் தின்னக்குள்ள பாத்தாங்க. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதே கேள்விதான். 'மிசு வந்திட்டா மகள், மிசு வந்திட்டா?' எண்டு. வாப்பா ஆஸ்பத்திரியில எண்டதும் நான் இந்தப் பக்கமே வரல்ல. கடதாசி எப்ப ஒட்டினாங்களோ."

"அது என்ன சாமான்?"

"பெரிசா ஒண்டுமில்ல. கடப்பாசிதான். சிவப்புப் பயற அவிச்சு அரைச்சு, சீனி போட்டுக் கடப்பாசியில ஊத்திற. 'களப்புல நான் பாசி அள்ளின காலத்துல இது தெரியாமப் போச்சே' எண்டு வாப்பா சிரிப்பாங்க."

றைஸா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நோன்புக்கு வாங்கிய கடப்பாசியில் ஒரு பைக்கற் இன்னும் குசினி அலுமாரித் தட்டில் கிடக்கிறது. சிவப்புப் பயறுக்குக் கௌபி போத்தல் நிறைய இருக்கிறது. அடுப்பில் ஏற்றி இறக்கி ஆறவைத்தால் முடிந்தது. ஒரு துளி, கரண்டி நுனியில் ஒரேயொரு துளி, காலையில் அந்த உதட்டில் வைத்திருக்கலாம். 

"நான் உள்ளுக்குப் போகட்டா ராத்தா?" என்றாள் ஷஸ்னா. "எனக்கு வேற எங்க போறதெண்டு தெரியல்ல."

"போ. என்னையும் கூட்டிக்கிட்டுப் போ."

துணி விலகியது. கடைக்காரி உள்ளறையிலிருந்து வந்து போனைக் கண்டதும் வழமைபோலக் குனிந்து நிமிர்ந்தாள். படத்தில் ஹாஜியார் இல்லை, யாரோ ஒரு பெண். அவள் எதையோ கேட்டாள். ஷஸ்னா இரண்டு மூன்று சொல் சொன்னாள். கிழவியின் கை கண்ணாடிப் பெட்டியின் மேல் அப்படியே நின்றது.

பிறகு உள்ளே போய், பச்சை இலையொன்றில் அதை வைத்துக் கொண்டுவந்தாள். கறுப்பாக இருந்தது. நாலு மூலையும் கூராக, மேலே நீர் பட்டாற்போல மினுங்கிக்கொண்டிருந்தது. அதை மேசையில் வைத்து, வாப்பாவுக்குத் திருப்புவதுபோலவே நல்ல பக்கத்தைப் போனுக்குத் திருப்பினாள். கைகளைச் சேர்த்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினாள். இந்தத் தடவை நிமிரச் சுணங்கியது. என்ன சொல்வதென்று தெரியாமல் றைஸா, "வஅலைக்கும் ஸலாம்," என்றாள்.

ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"மகள், ஒரு வாளி தண்ணி கொண்டா," என்று சாச்சா கூப்பிட்டார். முற்றத்து மணலில் சாக்கை விரித்துக் கல்லைக் கிடத்தியிருந்தார். வெட்டிய தூசு படிந்து சாம்பலாகக் கிடந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு றைஸா தண்ணீரை ஊற்றினாள். தூசு வழிந்து ஓடியது. கறுப்பாக, நாலு மூலையும் கூராக, ஈரம் மினுங்க அது கிடந்தது. 

"எப்பிடிக் கல்லு?" என்றார் சாச்சா. "நானா கேட்ட மாதிரியே."

ஜன்னல் சீலையை விலக்கி உம்மா பார்த்தாள். "கேட்டது கெடச்சிட்டு. அல்ஹம்துலில்லாஹ்."

றைஸா வாயைத் திறந்தாள். உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ஓம் உம்மா," என்றாள், "அதேதான்." இடுப்பிலிருந்து போனை எடுத்து, கல்லை ஷஸ்னாவுக்குக் காட்டினாள். ஷஸ்னா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

கபன் போட்டதும் றைஸா முகத்தைப் போனில் ஷஸ்னாவுக்குக் காட்டினாள். அஸர் முடிந்து சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் ஒழுங்கையில் போய்த் தேய்ந்தது. சாச்சா கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனார். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

குசினியில் பக்கத்து வீட்டுக் கமறியா மாமி வந்தவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். "சீனி எங்க மகள்? வீட்டுல ஒரு துளி சீனியில்லையே."

"இருங்க மாமி." றைஸா அரிசிப் பீப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அடியிலிருந்து பழைய பால்மா டின் வந்தது. தூக்கும்போதே பாரம் குறைவாக இருந்தது. அவள் புதைத்தபோது இது கழுத்து வரை நிறைந்திருந்தது. மூடியைத் திறந்தாள்.

அடியில் கொஞ்சம் சீனி கிடந்தது. அதில் குத்தென்று நின்றது மருந்துக் கரண்டி.

றைஸா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாப்பா பாதிக் காலோடு, கைப்பொல்லையும் ஊன்றி, அவள் கிணற்றடியில் நிற்கிற நேரம் பார்த்து அரிசிக்குள் கையை விட்டிருக்கிறார். அல்லாஹ்வே என்று வாய்க்குள் சொன்னாள். மாமிக்குச் சீனியைக் கொட்டிக் கொடுத்தாள். கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. அங்கே இருட்டிவிட்டிருந்தது. ஷஸ்னா தன் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அந்த இலையும் அதன் மேலே மிசுவும் தொடாமல் இருந்தன.

"கொண்டுபோயிட்டாங்களா ராத்தா?"

"ஓம். நீ இன்னும் தின்னல்லையா?"

"மனசு வரல்ல."

றைஸா போனைப் பீப்பா மூடியில் சாய்த்து வைத்தாள். கரண்டியைக் கையில் பொத்திக்கொண்டு அதன் முன்னால் குந்தினாள்.

"நீ தின்னு," என்றாள். "நான் பாக்கிறன்."

ஷஸ்னா மூங்கில் குச்சியை எடுத்து ஒரு மூலையை மெதுவாக வெட்டினாள்.