தங்க உறையின் ஓரத்தில் சிவப்பு

புஷ்பவதி மச்சாளின் கடைவாய்ப் பல்லுக்கு என் மகள் நிருஷா தங்க உறை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. சென்ற மாதம் மச்சாள் பியர்பொன்ட்ஸ் புறநகரில் தன் வீட்டுக்கு அருகில் இருக்கும் இன்னொரு பல் வைத்தியரிடம் போனார். அங்கே எக்ஸ்ரே படத்தைக் கணினியே படித்து, பல் அரித்துச் சூத்தை விழுந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும். உறையின் ஓரத்தில் சிவப்பு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் அன்னதானம் முடிவதற்குள் நான்கு பந்திக்கும் செய்தி போய்விட்டது: நிருஷா சூத்தையைச் சுரண்டாமலே மேலே தங்கத்தைப் போட்டு மூடிவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் எவரும் அரைகுறை வேலை செய்ததில்லை. அன்று மாலையே மகளிடம் கேட்டேன்.

"பிழை விட்டனியோ, பிள்ளை?"

"இல்லை அப்பா. ஆனா படத்தைப் பாக்காமல் ஒண்டும் சொல்ல ஏலாது."

"பிழையெண்டால் கோயிலில வைச்சே ஒத்துக்கொள்ள வேணும். நான் பக்கத்தில நிப்பன்."

"ஓம் அப்பா."

நான் இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்தேன்.

அந்த வைத்தியருடன் நிருஷா தொலைபேசியில் பேசினாள். புதன்கிழமை மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனோம். வைத்தியர் ஓர் இளம் பிரெஞ்சுப் பெண். படத்தைத் திரையில் போட்டார். உறை பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது. அதை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. அதன் மேல் சிவப்பு.

நிருஷா பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். வைத்தியர் ஒரு பொத்தானை அழுத்தினார். படம் கொஞ்சம் மங்கலானது. கறுப்புக் கோடு காணாமல் போனது, சிவப்பும் போனது.

"படத்தைக் கூர்மையாக்கக் கணினி ஓரங்களை அழுத்திக் காட்டுது மாமி," என்றாள் நிருஷா. "தங்கம் மாதிரிக் கடும் வெள்ளைக்குப் பக்கத்தில அது தானாவே ஒரு கறுப்புக் கோட்டை உண்டாக்கிப் போடும். கறுப்பைக் கண்டால் சூத்தை எண்டு நினைக்கும். இப்ப எல்லாரும் வெள்ளை உறைதான் போடினம். எங்கட ஆக்கள்தான் தங்கம் கேக்கிறது. அதால கணினிக்குத் தங்கம் பழக்கமில்லை."

வைத்தியர் மெல்லிய கூர்முனைக் கருவியால் உறையைச் சுற்றித் தடவிப் பார்த்தார். எங்கும் சிக்கவில்லை.

மச்சாள் வாயைத் துடைத்தார். "ரெண்டு டாக்குத்தரும் பிரெஞ்சில கதைச்சுச் சரிக்கட்டிப்போட்டியள். எனக்கென்ன விளங்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மச்சாள் எழுந்ததும் அந்தக் கதிரையில் ஏறி உட்கார்ந்தேன்.

"எனக்கும் நிருஷாதான் தங்கம் போட்டவள். என்ர வாயையும் படம் எடுக்கச் சொல்லு பிள்ளை. மச்சாள் பாக்கட்டும்."

என் படத்தில் இரண்டு சிவப்பு. உறையின் ஓரத்தில் ஒன்று, கீழ்ப் பல்லில் ஒன்று. வைத்தியர் அதே பொத்தானை அழுத்தினார். உறையின் ஓரத்தில் இருந்தது மறைந்தது. கீழே இருந்தது அசையவில்லை.

மச்சாள் திரைக்குக் கிட்டப் போய் நின்றார். "அத்தான், அந்தப் பல்லுக்கு ஆர் வேலை செய்தது?"

"ஒருத்தரும் இல்லை. அது என்ர சொந்தப் பல்."

"அப்ப அது உண்மையான சூத்தை!" மச்சாள் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மகளின்ர பேரைக் காப்பாத்த வந்தவர் தன்ர வாயைக் கோட்டை விட்டிட்டார்!"

"வருசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்கோ எண்டு அப்பாவுக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன் மாமி," என்றாள் நிருஷா. "எங்கட பரம்பரைக்குப் பல் கெடாதாம்."

நான் வைத்தியரைப் பார்த்து "மெர்சி" என்று நன்றி சொன்னேன். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் மச்சாள் தானாகவே தொலைபேசியை எடுத்துக் கோயில் சிநேகிதி றோசாவைக் கூப்பிட்டார். "றோசா, நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னது பிழையடி. நிருஷாவின்ர வேலையில ஒரு குறையும் இல்லை. நான் ரெண்டு கண்ணாலையும் பாத்தனான். எல்லாருக்கும் சொல்லிப்போடு."

நிருஷா காரை எடுக்கப் பார்த்தாள். பொறு என்று கையைக் காட்டினேன். இயந்திரச் சத்தத்தில் ஒரு சொல்லையும் தவறவிட எனக்கு மனமில்லை.