சாம்பாரில் போட்ட பெருங்காயம்

ஓரிக்கையில் நாத்தனார் இளவரசி கட்டிய புது வீட்டின் விருந்துக்கு வந்த சங்கரி, மகளைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு நேரே சமையல் பந்தலுக்குப் போனாள். மகள் பிரவீனாவுக்குச் சீலியாக் நோய். கோதுமை கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், ஆயுசுக்கும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சப்பாத்தியையும் பிஸ்கட்டையும் நிறுத்துவது சுலபமாக இருந்தது. ஊர் வாயை அடைப்பதுதான் முடியவில்லை.

"சோறு, சாம்பார்மா. இதுல கோதுமை எங்க இருக்குது?" என்றார் சமையல்காரர் சின்னப்பையன்.

"பெருங்காய டப்பாவக் காட்டுங்க."

டப்பாவில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. சாம்பார், ரசம், கூட்டு எல்லாவற்றிலும் அதுதான். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் வேறு.

"பெருங்காயத்துக்கு எவன்மா சண்ட போடுவான்?" சின்னப்பையன் கரண்டியை ணங்கென்று வைத்தார்.

சத்தம் கேட்டு இளவரசி வந்தாள். "ஒரு நாள் சாப்ட்டா இன்னா ஆயிடும் சங்கரி? நீ பயந்துக்கினு கொழந்தைய நோயாளி ஆக்கிட்ட."

"விடிய விடிய வயித்தப் புடிச்சிக்கினு துடிக்கிறவ என் பொண்ணு, அண்ணி! நீங்களா பாத்துக்கப் போறீங்க?"

பந்தியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சங்கரி திரும்பிப் பார்த்தாள். பிரவீனாவின் இலை முன்னால் ஆளில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள் பிரவீனா. "வயித்து வலி கூடப் பரவால்லமா. போற எடத்துலல்லாம் நீ கத்தறியே, அதுதான் தாங்கல. நீ வருவேன்னுதான் என்னைப் பர்த்டேக்கே யாரும் கூப்பிடறதில்ல."

"உனக்காகத்தானடி கத்தறேன்!"

"தெரியும். நானே கேட்டுக்கறேன், நீ சும்மா இரேன்."

சங்கரிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குள் பிரவீனா பந்தலுக்குப் போய்விட்டாள்.

"அண்ணா, எதுவும் கலக்காத சோறும் தயிரும் தரீங்களா? கரண்டிய மட்டும் கழுவிட்டு."

சின்னப்பையன் புதுக் கரண்டியே எடுத்தார்.

பிரவீனா வெறும் தயிர்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். சங்கரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அப்போது இளவரசி சமாதானமாக ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "பாவம், வெறும் சோறு துண்ணுது. இந்தாடி கண்ணு, பாயசம். சேமியாதான், ஒண்ணும் பண்ணாது."

சங்கரி வாயைத் திறந்து, மகளைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

"அத்தை," என்றாள் பிரவீனா பெருமூச்சு விட்டு, "சேமியாவும் கோதுமையிலதான் செய்வாங்க."