நஜ்வா விழும் நேரம்

நாலரை வயது நஜ்வா ஏன் தினமும் விழுகிறாள் என்று பிரமிளாவுக்குப் புரியவில்லை. தரை சமம். காலில் சப்பாத்து அளவு சரி. கண்ணிலும் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் விளையாட்டு நேரத்தில், பத்து மணிக்கும் பத்தரைக்கும் இடையில், மூன்று தடவையாவது விழுந்தாள். மற்ற நேரத்தில் ஒரு தடவைகூட இல்லை.

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஒரு வாடகை வீட்டில் நடக்கும் பாலர் பள்ளி அது. பிரமிளா அங்கே ஆசிரியை. நஜ்வாவின் அம்மா சல்மா புதன்கிழமை காலை வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"டீச்சர், யூனிஃபார்ம் மாட்டுறப்பவே அழுவுறா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் நிப்பாட்டிருவேன் லா."

பத்து மணிக்குப் பிரமிளா புத்தக அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து கவனித்தாள். தனேஷ் நஜ்வாவின் முதுகில் கைவைத்துத் தள்ளினான். இரண்டடி தள்ளித் தயாராக நின்ற சாஹித் பாய்ந்துபோய்த் தூக்கினான்.

"டீச்சர்! நான் தூக்கிவிட்டேன், ஸ்டார் குடுங்க!"

"நாளைக்கு நான் தூக்குவேன், நீ தள்ளணும்," என்றான் தனேஷ்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பள்ளி முதலாளி புவனேஸ்வரன் ஏதோ ஹோட்டலில் இரண்டு நாள் ஏர்கான் குளிரில் உட்கார்ந்து, பயிற்சி வகுப்பில் அன்பு படித்துவிட்டு வந்தவர். அவர் கொண்டுவந்த விதி இது: விழுந்தவரைத் தூக்கினால் ஒரு தங்க ஸ்டார். பத்து சேர்ந்தால் பரிசு. தூக்குவதற்கு யாராவது விழ வேண்டும். தானாக எத்தனை பேர் விழுவார்கள்? ஆகவே விழவைத்தார்கள். வகுப்பிலேயே எடை குறைந்தவள் நஜ்வா. தள்ளவும் சுலபம், தூக்கவும் சுலபம். ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுகொண்ட இந்தச் சூட்சுமம், தடித்த ஃபைலோடு வந்த பெரிய மனிதருக்கு இரண்டு வாரமாகியும் எட்டவில்லை.

சொன்ன பிறகும் எட்டவில்லை.

"அப்ப தள்ளுனா ஒரு ஸ்டார கழிச்சிருங்க டீச்சர். சிம்பிள் லா."

"நான் பாக்காத இடத்துல தள்ளுவாங்க, பாஸ்."

"ஸ்டார் ஒட்டுற சார்ட்ட லேமினேட் பண்ணியாச்சே!"

அன்புக்கு பிளாஸ்டிக் உறை போட்டுவிட்ட கவலை அவருக்கு. பிரமிளா அந்த அட்டையைக் கழற்றி, துடைப்பத்துக்குப் பின்னால் சாய்த்துவைத்தாள்.

வியாழக்கிழமை, கொல்லையில் விழுந்து கிடந்த பாக்குமட்டைகளை எடுத்துவந்தாள். ஒருவர் மட்டையில் உட்கார வேண்டும், இருவர் இழுக்க வேண்டும், முதலில் எல்லையைத் தொடும் குழுவுக்கு வெற்றி. ஒரே நிமிடத்தில் நஜ்வா புல்லில் உருண்டாள். தனேஷும் சாஹித்தும் வெறும் மட்டையோடு ஓடிப்போய், "ஜெயிச்சிட்டோம்!" என்று குதித்தார்கள். முதலாளியின் மூளை தனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதை நினைத்துப் பிரமிளாவுக்கு அருவருப்பாக இருந்தது. வேகத்துக்குப் பரிசு வைத்தால் வேகம்தானே கிடைக்கும்? அன்று மாலை விதியை மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை தனேஷ் இழுப்பதற்குமுன் திரும்பிப் பார்த்தான். "புடிச்சிக்கிட்டியா?"

"இன்னும் இல்ல, நில்லு!" என்று அதட்டினாள் நஜ்வா.

"மெதுவாடா சாஹித், வளைவு வருது. இவ விழுந்தா நாமளும் போச்சு."

இழுக்க லேசாக இருப்பவள் என்பதால் மற்ற குழுக்களும் அவளைக் கூப்பிட்டன.

பன்னிரண்டு மணிக்குச் சல்மா அழைத்துப்போக வந்தபோது, நஜ்வா மட்டையைவிட்டு இறங்க மறுத்தாள். சல்மா மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரி டீச்சர், திங்கக்கிழம கொண்டாந்து விடுறேன்."

புவனேஸ்வரன் கதவருகே வந்து நின்றார். "நல்லா இருக்கே! இதுக்கு எத்தன ஸ்டார் குடுக்குறீங்க?"

அவருக்கும் புரியட்டும் என்று பிரமிளா புதிய விதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள்:

'ஒரு மட்டைக்கு மூன்று பேர். மூவரும் ஆளுக்கொரு முறை உட்கார்ந்து எல்லையைத் தொட்டால் ஆட்டம் முடியும். உட்கார்ந்தவர் விழுந்தால் மூவரும் தொடக்கக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். யாருக்கும் ஸ்டார் கிடையாது.'