ஒரே பக்கத்துக் காது

கிண்ணத்திலிருந்த காதை அலசித் தட்டில் வைத்த பிறகுதான் அவளுக்குத் தப்பு தெரிந்தது. பக்கத்திலேயே, சிட்டுவின் நல்ல காதிலிருந்து எடுத்த பிளாஸ்டர் அச்சு. இரண்டும் ஒரே காலுக்கு இரண்டு செருப்பு மாதிரிக் கிடந்தன.

ஆய்வகத்தில் குருத்தெலும்பு வளர்ப்பவள் அவள். சிட்டு என்பது வார்டில் வைத்த செல்லப்பெயர். பத்து வயது, பிறவியிலேயே வலது காது மடல் இல்லை, மூக்குக்கண்ணாடியை நாடாவால் தலையில் கட்டிக்கொண்டு திரிகிற வாயாடி. மடல் இருக்க வேண்டிய இடத்திலிருந்த துளிக் குருத்தெலும்பை எடுத்துச் செல்களைப் பெருக்கி, இடது காதின் படத்தைக் கணினியில் வலதாகத் திருப்பி, அந்த வடிவச் சட்டத்தில் வளர்க்க வேண்டும். எல்லாம் செய்தாள். திருப்புவதைத்தான் மறந்து தொலைத்தாள். மாதக்கணக்கில் கண்கொத்திப் பாம்பாகக் காத்தவளின் கண்ணில் இது படவில்லையே, என்னத்தைச் சொல்ல!

கவிழ்த்து வைத்தால் மடிப்பெல்லாம் மண்டைப் பக்கம் போய்விடும், ஆகாது. சிட்டுவை அறுவை அறை வாசலில் படுக்க வைத்தாகிவிட்டது, காதைக் கொண்டுவா என்று தொலைபேசியும் வந்துவிட்டது.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. கிருமி புகுந்துவிட்டது என்று கொட்டிவிட்டால் போதும். இந்த வேலையில் அது நடக்கிறதுதான், ஒரு பயலும் கேட்கமாட்டான். காதைக் குப்பைப் பைக்கு மேலே பிடித்தும்விட்டாள். அப்போதுதான் உறைபெட்டி நினைவுக்கு வந்தது. கிருமி என்றால், அதே செல்களில் மிச்சம் வைத்திருக்கும் ஒரே குப்பியையும் எரிக்கச் சொல்வார்கள். அப்புறம் எடுப்பதற்கு அந்தப் பிள்ளையிடம் ஒன்றுமில்லை.

தட்டோடு போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. வாசலில் சிட்டுவோடு நிற்கும் தகப்பனிடமும் நீயே சொல் என்றார். சொன்னாள். ஒரு குப்பிதான் மிச்சம் என்பதையும் மறைக்கவில்லை.

தகப்பன் முகம் கறுத்துப்போயிற்று. "இந்தம்மா கை இனிமே எம்பொண்ணு விஷயத்துல படக்கூடாது. வேற ஆள வச்சு செய்யுங்க."

அவளுக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் இருந்தது.

சிட்டு எழுந்து உட்கார்ந்து தட்டை எட்டிப் பார்த்தாள். தன் இடது காதைத் தடவிக்கொண்டாள்.

"வேற யாரும் வேணாம்ப்பா. இந்த அக்காவே செய்யட்டும்."

ஏனாம் என்று கேட்டார் தகப்பன்.

"புதுசா வர்றவங்களுக்கு பயம் இருக்காதுல்ல. இவங்க கையப் பாருங்க, எப்படி நடுங்குது."

தகப்பன் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு டாக்டரிடம் சரி என்று தலையாட்டினார். இதற்கு வேலையை விட்டே துரத்தியிருக்கலாம் என்று நினைத்தபடி அவள் உறைபெட்டி இருக்கும் பக்கம் நடந்தாள்.