காட்டம்மா பேசுகிறாள்

ஒன்பதாம் நம்பர் மலையில் காலையிலிருந்தே சாரல். ஆண்டாயி இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கு நனைந்து முழங்காலில் ஒட்டியது. விரல் மரத்துப்போனால் தேயிலைக் கொழுந்து பிடிபடாது, முற்றின காம்பும் சேர்ந்து வந்துவிடும். நிறுவையில் மேஸ்திரி பரமசிவன் அந்தக் காம்பைப் பொறுக்கி எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுவார். அதனால் செடிக்கு ஒருமுறை கைகளை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டாள்.

கீழே ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. குடை பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்கி, கொழுந்து லாரிக்காரன் அழகையாவிடம் ஏதோ கேட்டார். அழகையா மலையை நோக்கிக் கையைக் காட்டினான். பிறகு வாயைக் குவித்துக் கத்தினான்.

"அக்கா, கொஞ்சம் எறங்கி வாங்க. மெட்ராசுல இருந்து டீவிக்காரங்க."

பக்கத்து நிரையிலிருந்த வீரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களத்தான். போங்க, கூடைய நான் பாத்துக்கிறேன்."

அது எண்பத்து நாலாம் வருஷம். சிலோனிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ராமேசுவரத்துக்குக் கப்பல் இன்னும் வந்துகொண்டிருந்தது. ஆண்டாயி அதில் வந்து இறங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. குடும்ப அட்டையில் அவள் பெயர் ஆண்டாயி. அதற்கு முன்னால் கொழும்பில் எடுத்த மூன்று பேய்ப் படங்களில் அவள் பெயர் வேணி. பட்டணத்துக் கொட்டகைகளில் அந்தப் படங்கள் ஒரு வாரம்கூட ஓடவில்லை. அங்கே தேயிலைத் தோட்டங்களிலோ ஜனங்கள் அவற்றை விடுவதாயில்லை. தலவாக்கலையிலும் அட்டனிலும் திருவிழாவுக்குத் திருவிழா, தேய்ந்துபோன அதே பிரதியைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். வெள்ளைச் சேலையில் அவள் தோன்றி, "கதவத் தொறந்து வெச்சிட்டுத் தூங்கு மகனே, நான் வருவேன்" என்று சொல்லும் இடத்தில் படத்தின் சத்தமே கேட்காது. கொட்டகை மொத்தமும் அவளோடு சேர்ந்து சொல்லும். பிள்ளைத்தாய்ச்சிகளைக் கணவன்மார் அந்தப் படத்துக்கு அனுப்ப மாட்டார்கள். அவர்கள் ஒளிந்து வந்து பார்ப்பார்கள்.

பிறகு படம் எடுத்தவர் நொடித்துப்போனார். அண்ணன் குடும்பம் முதல் கப்பலில் வந்து, புனலூரில் ரப்பர் வெட்டப் போனது. ஆண்டாயிக்கு வந்த அரசாங்கத் தாளில் நீலகிரி என்று இருந்தது. இருவரையும் ஒரே இடத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதிய மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பாதி அறை அவளுக்கு. நடுவில் சாக்குத் தடுப்பு, அந்தப் பக்கம் வீரம்மாவின் குடும்பம். அவர்கள் சிரிப்பதும் சண்டை போடுவதும் கேட்கும். இவள் பக்கத்தில் பேச்சே இருக்காது.

ஜீப்பில் வந்தவர் பெயர் இராஜமாணிக்கம். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி ஒன்றைப் பைக்காராவுக்குப் பக்கத்துச் சோலையில் எடுக்கப் போவதாகச் சொன்னார். காட்டுக்குள்ளே ஒரு அம்மா இருக்கிறாள், வழிதவறி வந்த ஐந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறாள், அவ்வளவுதான் விஷயம். காட்டம்மாவாக நடிக்க மெட்ராசிலிருந்து வரவேண்டியவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சல்.

"நீங்க நடிச்சிருக்கீங்கன்னு இவர் சொல்றார். ஏதாவது பேசிக் காட்டுங்கம்மா."

ஆண்டாயி தலையிலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தாள். பேயைச் சொல்லவில்லை. சோலையில் அம்மாவைத் தொலைத்துவிட்டு ஒவ்வொரு மரத்திடமும் வழி கேட்கும் ஒரு கரடிக்குட்டியைச் சொன்னாள், நின்ற இடத்திலேயே அதை இட்டுக்கட்டி. இராஜமாணிக்கம் குடையை மடக்கியதை அவரே கவனிக்கவில்லை.

லீவு கேட்கப் போனபோது பரமசிவன் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "ஏனுங்க, நீங்க இன்னும் டெம்பரரிதானுங்க. பத்து நாளுக்கு மேல வரலீன்னா பேரை அடிச்சுப் போடுவாங்க. பேரு போனா ரூமும் போயிருமுங்க. அப்பறம் எங்கிட்ட வந்து அழுகக் கூடாது."

"பத்து நாளுக்குள்ள வந்திருவேங்க" என்றாள். இராஜமாணிக்கம் மூன்று வாரம் என்று சொல்லியிருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

சோலையில் முதல் மூன்று நாளும் வெயில் அடித்தது. ஊட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஐந்து பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். துணைக்கு அவர்களுடைய டீச்சர் ஜெஸிந்தா வந்திருந்தாள். இருபத்து நாலு வயது, குன்னூர்க்காரி. ஆண்டாயிக்குப் பச்சைச் சேலை கட்டி, தலையில் காட்டுப்பூ வைத்தார்கள். அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் கேமராவை மறந்துவிட்டார்கள். ஒரு பெண்குழந்தை, எடுத்து முடித்த பிறகும், "அப்புறம் அந்தக் குட்டி எங்க தூங்குச்சு?" என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வேன்வரைக்கும் வந்தது. அன்று சாயங்காலம் ஆண்டாயி முகத்துச் சாயத்தைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் மதியம், டவுனுக்குப் போய் டிரங்க் கால் பேசிவிட்டு வந்த இராஜமாணிக்கம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மா, நடிப்புல ஒரு குறையும் இல்ல. பேச்சுதான். அனுப்பின டேப்பைக் கேட்டுட்டு மெட்ராசுல சிலோன் வாடை அடிக்குதுங்கறாங்க. 'கதைக்கிறது', 'விளங்குதா' இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்குப் பழக்கமில்ல பாருங்க."

"பிள்ளைக கேட்டுக்கிட்டுதானே இருந்திச்சி."

"அது நேர்ல. டீவியில வேற."

"மாத்திக்கிறேங்க."

இரண்டு நாள் மாற்றிப் பார்த்தாள். சொற்களை மாற்றுவது பெரிய காரியமாக இல்லை. ராகத்தைத்தான் மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் வெளியே வருமுன் அதைத் தடுத்து நிறுத்திச் சோதித்து அனுப்பினாள். அதில் முகம் இறுகிப்போனது. கரடிக்குட்டி, பள்ளிக்கூட வாத்தியாரிடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல ஆகிவிட்டது. முந்தானையைப் பிடித்த குழந்தை கொட்டாவி விட்டது.

குரலை மட்டும் ஜெஸிந்தா கொடுக்கட்டும் என்று முதலில் சொன்னார்கள். அடுத்த நாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது கேமராக்காரர், "குரலும் முகமும் ஒரே ஆளா இருந்தா வேலை மிச்சம்" என்றார். இராஜமாணிக்கம் ஆண்டாயியைப் பார்க்காமல் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க போக வேணாம்மா. ஜெஸிந்தாவுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் கூட இருந்து சொல்லிக் குடுக்கணும். பேசின சம்பளம் அப்படியே கிடைக்கும்."

பச்சைச் சேலையை அவளே மடித்து ஜெஸிந்தாவிடம் கொடுத்தாள்.

ஜெஸிந்தாவின் தமிழ் சுத்தமாக இருந்தது, பலகைபோல. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சேலை மடிப்பைத் திருகிக்கொண்டே பேசினாள். ஒரு வரிக்கு ஏழு தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் யூகலிப்டஸ் மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஆண்டாயி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு வேணாம்னு சார்கிட்ட சொல்லிடறேன். இது உங்க வேலை. எனக்கு வெக்கமா இருக்கு."

"நீ வேணாம்னா வேற ஒருத்திய கொண்டாருவாங்க. அவ அழக்கூட மாட்டா. மூஞ்சியத் தொடை." ஜெஸிந்தா தொடைத்துக்கொண்டதும் சொன்னாள்: "நீ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறே. அப்பிடி இல்ல. கரடிக்குட்டிகிட்ட மட்டும் கதைக்கணும். பிள்ளைக ஒட்டுக் கேக்கட்டும்."

"குட்டி எங்க இருக்கு?"

"இந்தா, ஒன் முழங்கால் ஒசரத்துல நிக்கிது. நனைஞ்சி போயி நிக்கிது. மேல பாத்துக் கதைச்சா அதுக்குக் கேக்குமா? குனி."

ஜெஸிந்தா குனிந்தாள்.

"'அம்மா எங்கே'ன்னு அது கேட்டதும் ஒடனே பதில் சொல்லிறாதே. ஒனக்கே தெரியாது அவ எங்கன்னு. மூச்ச இழு. நாலு எண்ணு. இப்ப சொல்லு."

பத்து நாள் அப்படியே போனது. கேமராவுக்குக் கீழே, படத்தில் தலை விழாமல் இருக்க ஈரத் தரையில் குந்தியபடி, ஆண்டாயி ஒவ்வொரு வரியையும் உதட்டால் சொன்னாள். ஜெஸிந்தா அவள் உதட்டைப் பார்த்து அதைக் குரலாக்கினாள். கடைசி நாட்களில் பார்க்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே சிரிப்பை அடக்குவது, எல்லாம் அந்தப் பெண்ணுக்குப் படிந்துவிட்டன. கரடிக்குட்டியின் தாய் கிடைக்கும் கட்டத்தை எடுத்து முடித்ததும் விளக்குப் பையன்கள்வரை கை தட்டினார்கள். இராஜமாணிக்கம் ஜெஸிந்தாவின் தோளைத் தட்டினார். முந்தானையைப் பிடித்த குழந்தை ஓடிவந்து பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டது.

பிரியும்போது ஜெஸிந்தா, "உங்க பேரைக் கட்டாயம் போடச் சொல்லியிருக்கேன் அக்கா" என்றாள். எந்தப் பேரைப் போடுவது என்று கேட்டு, அவளிடமிருந்து ஒரு தாளில் எழுதியும் வாங்கிக்கொண்டாள். ஆண்டாயி கொஞ்சம் யோசித்துவிட்டு 'வேணி' என்று எழுதியிருந்தாள்.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் காலை, ஆட்கள் கூடும் பெரட்டில் எல்லாப் பெயரையும் கூப்பிட்டார்கள். அவள் பெயர் வரவில்லை. ஆட்கள் மலைக்குக் கலைந்த பிறகும் கூடையோடு நின்றாள்.

"மொதல்லயே சொன்னனுங்க" என்றார் பரமசிவன். அவர் குரலில் கோபம் இல்லை. "மண்டபம் கேம்புல இருந்து சிலோன் குடும்பம் ஒண்ணு வருதுங்க. கைக்குழந்தையோட. ரூம் அவிங்களுக்குன்னு எழுதியாச்சு. மாசக் கடைசிக்குள்ள ஒழிச்சுக் குடுத்துருங்க. வேலைக்கு வேணும்னா, ஆள் கொறையற அன்னிக்கு வாங்க."

ஆள் குறைவதற்காக அவள் ஒவ்வொரு காலையும் பெரட்டுக்குப் போனாள். குறைந்த நாளில் மலை ஏறினாள். குறையாத நாளில் திரும்பி வந்து அறையில் உட்கார்ந்தாள். வீரம்மா தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நம்ம பக்கமே வந்திருங்க, இருக்கிற எடத்துல ஒண்டிக்கலாம்" என்றாள். அந்தப் பக்கத்தில் ஏற்கனவே ஏழு பேர் படுத்தார்கள்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒளிபரப்பானது. தோட்டத்தில் டீவி இருந்தது ஸ்டாஃப் கிளப்பில் மட்டும். கிளார்க்குகளும் டீமேக்கர் குடும்பமும் உள்ளே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். லயத்து ஆட்களுக்கு உள்ளே இடமில்லை. சன்னலுக்கு வெளியே பூப்பாத்தியை மிதிக்காமல் நிற்கலாம். சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு முப்பது நாற்பது பேர் வந்துவிட்டார்கள். ஆண்டாயி வரவில்லை என்றுதான் சொன்னாள். வீரம்மாவின் மகள்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

எழுத்துகள் வரத் தொடங்கியதும் அழகையா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்க வாசித்தான். கதை யார், இசை யார், காட்டம்மாவாக ஜெஸிந்தா. வாசித்துக்கொண்டே போனவன் குரலைத் தாழ்த்தினான். கடைசிப் பெயரும் ஓடி மறைந்தது.

"சமையக்காரன் பேருகூடப் போட்டிருக்கானுங்க" என்றான், யாரையும் பார்க்காமல்.

"வேகமா ஓடிருச்சி. நீ சரியாப் பாத்திருக்க மாட்டே" என்றாள் ஆண்டாயி.

உள்ளே ஒரு பெண்மணி தோளைப் போர்த்திக்கொண்டு ஏதோ சொல்ல, ஒருவர் எழுந்து வந்து சன்னலை இழுத்துச் சாத்தினார். சத்தம் நின்றுபோனது. கண்ணாடிக்குள் சோலை அசைந்தது, பிள்ளைகள் ஓடினார்கள், பச்சைச் சேலை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ஜெஸிந்தா வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்னாம்மா சொல்றாங்க?" என்று வீரம்மாவின் சின்ன மகள் கேட்டாள். "ஒண்ணும் கேக்கலியே."

வீரம்மாவுக்குத் தெரியவில்லை. அழகையாவுக்கும் தெரியவில்லை. ஆண்டாயி சாக்கை முகத்திலிருந்து பின்னுக்குத் தள்ளினாள்.

"வாடா சாமி, கிட்ட வா. ஏன் இப்பிடி நனைஞ்சி போயி நிக்கிறே?"

சின்னவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு கண்ணாடியை. உள்ளே இருந்த வாய் அசைவுக்கு வெளியே இருந்த குரல் சரியாகப் பொருந்தியது. குசுகுசுத்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் நகர்ந்தார்கள். ஆண்டாயி மரங்களாகப் பேசினாள், குட்டியாகப் பேசினாள், காட்டம்மாவாகக் கதைத்தாள். குழந்தைகள் சிரித்தார்கள். ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு, "நம்ம வேணி, நம்ம வேணி" என்றார்.

கண்ணாடியை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். கிளப் காவல்காரர் குடையோடு சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, என்ன சத்தம்? உள்ள ஒண்ணும் கேக்கலீங்கறாங்க. பேசாம நின்னு பாருங்க."

"உள்ளதான் கேக்கும். எங்களுக்குத்தான் கேக்கல" என்றான் அழகையா.

உள்ளிருந்து ஒரு கை நீண்டு சன்னல் திரையை இழுத்து விட்டது. பூப்போட்ட துணிக்குப் பின்னால் வெளிச்சம் மட்டும் கூடிக் குறைந்தது.

அப்போது குட்டி, அம்மா எங்கே என்று கேட்டிருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகச் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு லயத்துப் பாதையில் இறங்கினார்கள். ஆண்டாயி திரையைப் பார்த்தபடி மூச்சை இழுத்து நாலு எண்ணினாள். பிறகு பதிலைச் சொன்னாள்.