வெந்தயப் போத்தலில் ஒரு பெண்

திருடியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்கிறவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

1985 டிசம்பரில் லண்டனிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவள் எங்கள் ஒரே மகள் மீனலோசனி. ஆஸ்பத்திரித் தாதி வேலைக்குப் படிக்கப் போனவள், அங்கேயே ராதாகிருஷ்ணனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் பக்கத்துச் செந்தூல்காரன், அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவனுடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர், எங்களுடையவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து. குறை என்று சொன்னால் அது ஒன்றுதான். இரண்டு கப்பலும் இந்த மலாய் நாட்டுக்குத்தானே வந்து நின்றன என்று கேட்டுப் பார்த்தேன். என் கணவர் வீரசிங்கத்தின் காதில் அது ஏறவில்லை. "எனக்கு மகள் இல்லை" என்று ஒருநாள் சொன்னவர், அதன்பிறகு ஐந்து வருடம் அவள் பெயரையும் எடுக்கவில்லை, அவன் பெயரையும் எடுக்கவில்லை.

அவள் கடிதங்களை அடுப்படியில் வைத்துத்தான் வாசிப்பேன். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் அதே வரி இருக்கும். "அப்பா ஒரு வரி எழுதினால் போதும் அம்மா, வந்துவிடுவேன்." அந்த ஒரு வரிக்காக நான் கும்பிடாத சாமி இல்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் தலைமை எழுத்தராக இருந்து, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த மனிதர். சொந்த மகளுக்கு எழுத மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

பார்சலில் ஒரு பெட்டி. அதற்குள் ஆயிரம் அட்டைத் துண்டுகள். எல்லாவற்றையும் அடுக்கினால் ஒரு பழைய ஓவியம் வரும், ஜிக்சா என்று பெயர். அவர் அதைத் தொடவில்லை. நான் அலுமாரி மேல் வைத்தேன். பணி ஓய்வு பெற்ற மனிதர் கோயிலுக்குப் போவதும் பேப்பரை மனப்பாடம் செய்வதுமாக எத்தனை நாள் ஓட்ட முடியும்? பிப்ரவரியில் ஒரு மத்தியானம் நான் குளித்துவிட்டு வந்தபோது, பெட்டி சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது.

"சும்மா பாத்தேன்" என்றார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் முகம்.

அதிலிருந்து மூன்று மாதம் நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். ஒரு பலகையை மேசைமேல் போட்டு, மைலோ டின்களில் நிறம் நிறமாகத் துண்டுகளைப் பிரித்து வைத்தார். ஒரு டின்னில் பனி, ஒன்றில் மரம், இரண்டு டின் நிறைய வானம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். இவர் பனியனோடு உட்கார்ந்து, கழுத்தில் வேர்வை வழிய வழியப் பனியை அடுக்குவார். பூதக்கண்ணாடி வைத்து ஒரே துண்டைக் கால் மணி நேரம் பார்ப்பார். பக்கத்தில் நானும் உட்கார ஆரம்பித்தேன். முப்பது வருடத்தில் அவரோடு நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

நானூறு வருடத்துக்கு முன்னால் ப்ரூகல் என்ற ஓவியர் வரைந்தது. வேட்டைக்குப் போன மூன்று பேர் பனியில் திரும்பி வருகிறார்கள். முகம் தெரியாது, முதுகுதான். பின்னால் தலையைத் தொங்கப் போட்டபடி நாய்கள். தூரத்தில், கீழே, ஊர். உறைந்துபோன குளத்தில் எறும்பு அளவில் மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

"பாத்தியா கனகம், மூணு பேரு போய் ஒரே ஒரு நரிதான் கெடச்சிருக்கு. அந்த நாய்ங்களப் பாரு, அதுங்களுக்கே வெக்கமா இருக்கு" என்றார் ஒருநாள்.

அவர் அப்படிப் பேசிக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது!

சில நாள் கழித்து, இடது பக்கம் முழுதும் முடிந்தபிறகு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்குக் கிட்ட வந்துட்டாங்க. ஊர்ல ஒருத்தன்கூடத் திரும்பிப் பாக்கலையே. அவனவன் அவனவன் வேலையில இருக்கான்."

"இஞ்சாருங்கோ" என்றேன். வெளியே எப்படிப் பேசினாலும் வீட்டுக்குள் எனக்கு என் அம்மா அப்பாவைக் கூப்பிட்ட அந்தச் சொல்தான் வரும். "இவங்களும் கூப்பிடலையே. ஒரு குரல் குடுத்தா திரும்பிப் பாக்க மாட்டாங்களா?"

அவர் குளிக்கும் துவாலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். காலையில்தான் குளித்திருந்தார்.

நூலகத்துக்குப் போய் அந்தப் படத்தைப் பற்றி வாசித்துவிட்டும் வந்தார். ஒரு வியாபாரி தன் வீட்டுக்காக வருடத்தின் பருவங்களை வரையச் சொன்னாராம். ஆறு படம் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள், இப்போது ஐந்துதான் இருக்கிறது, ஆறாவது என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது.

"அதான் அஞ்சு இருக்கே" என்றேன்.

"அஞ்சு இருக்குன்னு யாரு பாப்பா? இல்லாததுதான் முதல்ல கண்ணுல படும்" என்றார்.

அந்தப் பேச்சுதான் என்னைத் திருடியாக்கியது. முடியாத ஒரு ஃபைலை மேசையில் விட்டுவிட்டு அலுவலகத்திலிருந்து ஒருநாளும் வராத மனிதர் இவர். ஒரு துண்டு குறைந்தால் அனுப்பியவளைத்தானே கேட்க வேண்டும்? படம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, படத்தின் கீழே வலது பக்கம் வர வேண்டிய ஒரு துண்டை டின்னிலிருந்து எடுத்தேன். சின்னப் பாலம். அதன்மேல் விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு ஒருத்தி தனியாக நடக்கிறாள். ஊரே விளையாடும்போது அவள் மட்டும் வேலை செய்கிறாள். நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டு, வெந்தயப் போத்தலுக்குள் போட்டு மூடினேன்.

படம் முடிந்தது, பாலத்தில் மட்டும் ஓட்டை. அலுமாரியை நகர்த்தினார், பாயை உதறினார், பல்லியைச் சந்தேகப்பட்டார். கடைசியில் தட்டச்சு இயந்திரத்தைத் துடைத்து முன்னால் வைத்துக்கொண்டார். மகளுக்குத்தான் எழுதப்போகிறார் என்று ஓடிவந்தேன். எட்டிப் பார்த்தால், "டியர் சார்ஸ்" என்று பெட்டி செய்த கம்பெனிக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறார்! தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

ஒரு மாதத்தில் கம்பெனி மரியாதையாகப் பதில் போட்டது. பெட்டியை வாங்கியவரே ரசீதோடு கேட்க வேண்டுமாம்.

அந்தக் கடிதத்தை இரண்டு வாரம் அவர் படித்துக்கொண்டும் மடித்துக்கொண்டும் இருந்தார். ஜூலையில் ஒரு காலை மறுபடி தட்டச்சு ஓசை கேட்டது. தபாலில் சேர்க்கச் சொல்லி உறையை ஒட்டாமலே என்னிடம் கொடுத்தார். வாசித்தேன். பொருள்: காணாமற்போன துண்டு. விவரம்: பாலத்தைக் கடக்கும் பெண், விறகு சுமந்திருக்கிறாள், தனியாக இருக்கிறாள். தயவுசெய்து ஆவன செய்யவும். அலுவலகக் கடிதம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் கையெழுத்துக்குக் கீழே, பேனாவால், தமிழில் ஒரு வரி: "அங்கே இப்போது பனி பெய்கிறதா?"

தபால் பெட்டிக்கு முன்னால் நின்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

பதில் வரவில்லை. ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. எனக்கு வந்த கடிதங்களும் "வேலை அதிகம் அம்மா" என்ற அளவில் நின்றுவிட்டன. தபால்காரர் வரும் நேரத்தில் இவர் வாசல் கேட்டருகே செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அத்தனை தண்ணீர் கண்ட செம்பருத்தி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. இப்படி ஏங்க வைத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போத்தலைத் திறந்து துண்டைக் கொடுத்துவிடலாமா என்று நூறு முறை நினைத்தேன். கொடுத்தால் அவர் எழுதிய அந்த ஒரு வரி வெறும் ஏமாற்று வேலையில் பிறந்ததாகிவிடுமே என்று நூறு முறை மூடினேன்.

அக்டோபர் கடைசியில் ஓர் உறை வந்தது. அவர் பெயருக்கு. உள்ளே பஞ்சில் சுற்றிய ஒரு துண்டு. பாலம், விறகு, அதே பெண். கண்ணாடி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், கடிதத்தை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார்.

"அப்பா, ரசீதைத் தொலைத்துவிட்டேன். அதே பெட்டி இன்னொன்று வாங்கினோம். துண்டு அன்றைக்கே கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்காமல் அனுப்ப மனம் வரவில்லை. நீங்கள் பார்த்ததையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. அதனால் முழுதையும் அடுக்கினோம். வேலை முடிந்து வந்து தினம் கொஞ்சம். வானம் முழுக்க அவர் அடுக்கினார். ஜூலையில் இங்கே பனி பெய்யாது அப்பா. டிசம்பரில் பெய்யலாம்."

அவர் துண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். உட்கார்ந்துகொண்டது. அவர் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

"இப்ப அங்க ஓட்டையா இருக்கும் கனகம்" என்றார். "மூணு மாசம் அடுக்கி, நமக்காக எடுத்துக் குடுத்துட்டு, அந்த ஓட்டையப் பாத்துக்கிட்டு இருக்கும் அந்தப் புள்ள."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் வெந்தயப் போத்தலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "உள்ளாற இருக்கு. நாந்தான் எடுத்தேன். திட்டணும்னா திட்டுங்க."

போத்தலைக் கவிழ்த்தார். வெந்தயத்தோடு அவள் வந்து விழுந்தாள். எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ லண்டனிலிருந்து வந்த பஞ்சைத் தேடி எடுத்து, துண்டை அதில் சுற்ற ஆரம்பித்தார்.

"நாளைக்கே போஸ்ட் பண்ணிடறேன்" என்றேன் அவசரமாக.

"போஸ்ட்லயா? வழியில தொலைஞ்சிட்டா?" பஞ்சுப் பொதியைச் சட்டைப்பையில் போட்டுப் பித்தானை மாட்டினார். "கையிலதான் கொண்டுபோய்க் குடுக்கணும். நாளைக்கு ரெண்டு பேரும் போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்குவோம்."

அவர் மேசையில் குனிந்து, அந்தப் பச்சைச் சாம்பல் வானத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கே இந்த வானம் ஒன்றரை மாசம் ஆச்சு" என்றார். "ராதாகிருஷ்ணனுக்கு எத்தனை நாளாச்சுன்னு கேக்கணும்."